கர்ப்பப்பைக் கட்டி: துளை ஆபரேஷன் யாருக்குப் பலிக்கும்?

ஒரே அளவு கட்டி, இருவருக்கு இரண்டு விதமான முடிவு! டாக்டர்கள் போடும் 9 மார்க் கணக்கு

"கர்ப்பகோசதல்லி கட்டெ இதெ, அம்மா."

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் தமிழ்ப் பெண்கள் பலர், மைசூர் ஆஸ்பத்திரிகளில் கேட்கும் வார்த்தை இது. கன்னடம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் இது உடனே புரிந்துவிடும். அவர்கள் சொல்லும் "கட்டெ"தான் நம் கட்டி. கட்டி என்று காதில் விழுந்ததும் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்கிறது.

புற்றுநோயாக இருக்குமோ? ஆபரேஷன் செய்ய வேண்டுமோ? எத்தனை நாள் படுக்கை? அதுவரை வீட்டில் சமைப்பது யார்? வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளம் வருமா? கேள்விகள் வரிசையாக வந்து நிற்கின்றன.

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டும் பெண்ணாக இருந்தாலும் சரி, காலை பஸ்ஸில் நின்றுகொண்டே ஆபீசுக்குப் போகும் குமாஸ்தாப் பெண்ணாக இருந்தாலும் சரி, கவலை ஒன்றுதான்.

வீடு திரும்பியதும் யோசனை சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. "இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு? கர்ப்பப்பையோடு எடுத்துப் போடு" என்கிறார் மாமியார். "வயிற்றைக் கிழிக்காமலே எடுக்கிறார்களாம், மூன்றே துளைதானாம், மூன்றாம் நாள் வீடாம்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. "ஊருக்கு வந்துவிடு, இங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று தூத்துக்குடியிலிருந்து அண்ணன் போன் செய்கிறார்.

யார் சொல்வது சரி? மூவர் சொல்வதும் ஒருவருக்குச் சரியாக இருக்கலாம், இன்னொருவருக்குத் தவறாகலாம். அது கட்டியைப் பொறுத்தது. எந்தக் கட்டியைத் துளை வழியாக முழுவதும் எடுக்க முடியும், எதை எடுக்க முடியாது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கணித்துச் சொல்ல டாக்டர்களிடம் இன்று கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பெண்களும், அவர்களின் கணவன்மாரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

புற்றுநோயா?

முதலில் பயத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். பைப்ராய்டு என்று டாக்டர்கள் சொல்லும் நார்க்கட்டி, கர்ப்பப்பையின் தசையில் வளரும் சாதாரணக் கட்டி. இது புற்றுநோய் அல்ல. புற்றுநோய்க் கட்டி நார்க்கட்டியைப் போல வேடம் போடுவது உண்டு. ஆனால் அது மிக அபூர்வம்.

நார்க்கட்டி எவ்வளவு சாதாரணம் என்பதற்கு ஒரு கணக்கு. 2003ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் பெண்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 50 வயதை எட்டுவதற்குள் வெள்ளைக்காரப் பெண்களில் 100க்கு சுமார் 70 பேருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 பேருக்கு மேலும் இந்தக் கட்டி வந்திருக்கும் என்று தெரிந்தது. அவர்களில் பலருக்குக் கட்டி இருப்பதே தெரியாது. ஒரு தொந்தரவும் இல்லை.

பெண்மைக்கான சுரப்பிகள் வேலை செய்யும் வரை இந்தக் கட்டி வளரும். மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் சுருங்கும். எனவே தொந்தரவு தராத கட்டியை, ஸ்கேனில் தெரிந்த ஒரே காரணத்துக்காக எடுக்க வேண்டியதில்லை. அவ்வப்போது பார்த்து வந்தால் போதும்.

தொந்தரவு என்பது எது? மாதவிலக்கில் உதிரம் அளவுக்கு மீறிப் போவது, கட்டி கட்டியாக விழுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது, மலச்சிக்கல், கரு தரிக்காமல் போவது, கரு கலைவது.

இவற்றில் பெரிய ஆபத்து ரத்த சோகை. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்த சோகை இருக்கிறது. இருக்கிற ரத்தமே குறைவு. அதிலும் மாதம் எட்டு நாள், பத்து நாள் என்று போனால் உடம்பு தாங்குமா? படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வேலையில் கை ஓடவில்லை. "சோம்பேறி" என்று பட்டம் கிடைக்கிறது. உண்மையில் அவள் சோம்பேறி அல்ல, ரத்தம் இல்லாதவள்.

இடம்தான் முக்கியம்

"எவ்வளவு பெரிய கட்டி?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். டாக்டர் முதலில் பார்ப்பது அது எங்கே இருக்கிறது என்பதை.

கர்ப்பப்பையை ஒரு சிறிய அறையாக நினைத்துக்கொள்ளலாம். உள்ளே வெற்றிடம், சுற்றிலும் கனமான தசைச் சுவர், வெளியே மெல்லிய உறை. கட்டி சுவரிலிருந்து உள்ளறைக்குள் எட்டிப் பார்க்கலாம். சுவருக்கு நடுவிலேயே புதைந்திருக்கலாம். வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கலாம்.

உள்ளே எட்டிப் பார்ப்பது சின்னதாக இருந்தாலும் உதிரப்போக்கை அதிகம் தூண்டும். வெளியே தொங்குவது பெரிதாக இருந்தாலும் உதிரப்போக்கில் அதற்குப் பங்கு குறைவு. கட்டி சிறிது என்று அலட்சியம் செய்வதும், பெரிது என்று அலறுவதும் இரண்டுமே தவறு.

உலக மகப்பேறு மருத்துவர் சம்மேளனம் 2011ல் இந்த இடங்களுக்கு 0 முதல் 8 வரை எண் கொடுத்தது. காம்பு வைத்து முழுவதும் உள்ளறையில் தொங்குவது 0. பாதிக்குக் குறைவாகச் சுவரில் புதைந்தது 1. பாதி அல்லது அதற்கு மேல் புதைந்தது 2. எண் கூடக் கூட கட்டி வெளிப்பக்கம் நகர்கிறது. காம்பு வைத்து வெளியே தொங்குவது 7. கழுத்துப் பகுதி போன்ற வேறு இடங்களில் வருவது 8. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இந்த எண் இருந்தால், எந்த வழியில் போகலாம் என்பது டாக்டருக்குச் சட்டென்று விளங்கும்.

கத்தி படாத வழி

உள்ளறையில் இருக்கும் 0, 1, 2 ரகக் கட்டிகளுக்கு வயிற்றில் துளைகூட வேண்டாம். பிறப்புறுப்பு வழியாக மெல்லிய குழாயைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துகிறார்கள். அதன் முனையில் விளக்கும் காமிராவும் இருக்கும். டி.வி. திரையில் பார்த்தபடியே, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் கட்டியைச் சீவிச் சீவி எடுக்கிறார்கள். இதற்கு ஹிஸ்டரோஸ்கோப்பி என்று பெயர். தழும்பு இல்லை. பலர் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்பலாம். சில நாட்களில் வேலைக்கும் போகலாம்.

இவ்வளவு சுலபம் என்றால் எல்லோருக்கும் இதையே செய்துவிடலாமே?

அங்கேதான் சிக்கல். கர்ப்பப்பை ஒட்டிக் கிடக்கும் பை. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் நீர் விட்டு விரிக்க வேண்டும். கட்டியைச் சீவும்போது ரத்தக் குழாய்கள் திறக்கின்றன. விட்ட நீரில் ஒரு பகுதி அவற்றின் வழியாக உடம்புக்குள் போகிறது. கட்டி ஆழமாகப் புதைந்திருந்தால் நேரம் கூடும், உள்ளே போகும் நீரும் கூடும். அது அளவை மீறினால் ரத்தத்தில் உப்புச் சத்து குறையலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம், உயிருக்கே ஆபத்தும் வரலாம்.

ஆகவே எவ்வளவு நீர் விட்டார்கள், எவ்வளவு திரும்பி வந்தது என்று கணக்கு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு நீரென்றால் இரண்டரை லிட்டர், கிளைசின் என்ற திரவமென்றால் 1 லிட்டர் உடம்பில் தங்கியதும் ஆபரேஷனை நிறுத்துவது வழக்கம். கட்டி பாதி எடுத்திருந்தாலும் நிறுத்தத்தான் வேண்டும். மீதிக்கு இன்னொரு நாள் வர வேண்டும். இரண்டாவது முறை மயக்க மருந்து, இரண்டாவது முறை செலவு, இரண்டாவது முறை லீவு.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஒன்பது மார்க்

இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர் பிரேசில் நாட்டு டாக்டர் ரிக்கார்டோ லாஸ்மார். அதற்கு முன்பு, 1993ல் நெதர்லாந்து டாக்டர் வாம்ஸ்டெக்கர் வகுத்த முறைப்படி, கட்டி எவ்வளவு ஆழம் புதைந்திருக்கிறது என்பதை மட்டுமே பார்த்தார்கள். அது போதாது என்றார் லாஸ்மார். ஐந்து விஷயங்களைப் பார்த்து மார்க் போடச் சொன்னார்.

முதலாவது, அளவு. 2 சென்டிமீட்டர் வரை பூஜ்யம். 2க்கு மேல் 5 வரை 1. அதற்கும் மேல் 2.

இரண்டாவது, இருக்கும் இடம். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் இருந்தால் பூஜ்யம். நடுவில் 1. மேற்பகுதியில் 2. மேலே போகப் போகக் கருவியைத் திருப்புவது கஷ்டம்.

மூன்றாவது, அடிப்பாகத்தின் அகலம். கட்டி ஒட்டியிருக்கும் இடம் அந்தச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் பூஜ்யம். மூன்றில் இரண்டு பங்கு வரை 1. அதற்கு மேல் 2.

நான்காவது, ஆழம். சுவரில் புதையவே இல்லை என்றால் பூஜ்யம். பாதி வரை 1. பாதிக்கு மேல் 2.

ஐந்தாவது, எந்தச் சுவர். பக்கவாட்டுச் சுவரில் இருந்தால் கூடுதலாக 1.

எல்லாம் சேர்ந்தால் அதிகபட்சம் 9. பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறாக, இங்கே மார்க் குறைந்தால்தான் சந்தோஷம். 4 வரை என்றால் இந்த வழியில் எடுப்பது சுலபம். 5, 6 என்றால் கடினம்; முன்கூட்டியே மருந்து கொடுப்பதையோ, இரண்டு தடவையாக எடுப்பதையோ யோசிக்க வேண்டும். 7 முதல் 9 வரை என்றால் வேறு வழியைப் பார்ப்பது நல்லது.

இரண்டு பெண்கள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பெண்கள். இருவருக்கும் 3 சென்டிமீட்டர் கட்டி. இருவர் ரிப்போர்ட்டிலும் "உள்ளறைக் கட்டி, 3 செ.மீ." என்றே இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் பெண்ணுக்குக் கட்டி கர்ப்பப்பையின் நடுவில், பின்சுவரில் இருக்கிறது. காம்பு வைத்துத் தொங்குகிறது. அளவுக்கு 1, இடத்துக்கு 1, அடிப்பாகம் குறுகல் என்பதால் பூஜ்யம், ஆழம் பூஜ்யம், பக்கச் சுவர் இல்லை. மொத்தம் 2. இவருக்கு ஒரே தடவையில் முழுவதும் வெளியே வந்துவிடும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இரண்டாவது பெண்ணுக்கு அளவுக்கு அதே 1. ஆனால் கட்டி உச்சியில் இருக்கிறது, 2. அடிப்பாகம் அகலம், 2. பாதிக்கு மேல் புதைந்திருக்கிறது, 2. பக்கச் சுவர், 1. மொத்தம் 8! இவரிடம் "சின்னக் கட்டிதான், உடனே எடுத்துவிடலாம்" என்று சொல்வது வீண் நம்பிக்கை கொடுப்பதாகும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூன்றாம் நாள் குணமாகிவிட்டது என்பதால் நமக்கும் அப்படியே ஆகும் என்று நினைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

465 கட்டிகள் சொன்ன சாட்சி

இந்த மார்க் முறை காகிதத்தில் அழகாக இருக்கிறது. உண்மையில் பலிக்குமா? அதையும் பார்த்துவிட்டார்கள்.

லாஸ்மாரும் பல நாடுகளைச் சேர்ந்த டாக்டர்களும் சேர்ந்து 465 கட்டிகளைக் கணக்கெடுத்து 2011ல் முடிவை வெளியிட்டார்கள். 4 மார்க் வரை வாங்கிய கட்டிகள் 320. அந்த 320ம் முழுமையாக எடுக்கப்பட்டன. ஒன்றுகூடத் தவறவில்லை! 4க்கு மேல் வாங்கியவை 145. அவற்றில் 112ஐத்தான் முழுமையாக எடுக்க முடிந்தது. எடுக்க முடியாமல் நின்ற 33ம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே.

ஆழத்தை மட்டும் பார்க்கும் பழைய முறைப்படி அதே கட்டிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். சுலபம் என்று கருதப்பட்ட முதல் ரகத்திலேயே 86ல் 1 முழுதாக வரவில்லை. இரண்டாவது ரகத்தில் 298ல் 20 வரவில்லை. கடினமான மூன்றாவது ரகத்தில் 81ல் 12 வரவில்லை. அதாவது, பழைய கணக்கில் "சுலபம்" என்ற பெயரோடு மேஜைக்குப் போய் ஏமாந்தவர்கள் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 4க்கு மேல் மார்க் வந்தவர்களிலும் 100க்கு 77 பேருக்கு முழுமையாக எடுக்க முடிந்திருக்கிறது. ஆகவே மார்க் கூடினால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அனுபவம் அதிகம் உள்ள கை வேண்டும், இரண்டாம் தடவைக்கும் தயாராக இருக்க வேண்டும் என்பதே அர்த்தம்.

வயிற்றில் துளை

சுவரிலும் வெளிப்புறத்திலும் உள்ள கட்டிகளுக்கு லேப்ராஸ்கோப்பி. வயிற்றில் அரை முதல் 1 சென்டிமீட்டர் அளவில் மூன்று நான்கு துளைகள் போட்டு, வாயு செலுத்தி வயிற்றை உப்ப வைத்து, காமிரா வழியாகப் பார்த்துக் கட்டியைப் பிடுங்கி எடுப்பது. எடுத்த பள்ளத்தை உள்ளேயே தையல் போட்டு மூட வேண்டும். டாக்டரின் திறமைக்குச் சோதனை அந்தத் தையல்தான்.

ரத்தம் நிற்காவிட்டாலோ, கட்டி பிடிபடாவிட்டாலோ துளை ஆபரேஷனை விட்டுவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டி வரும். மூன்று நாளில் வீடு என்று நினைத்து வந்தவர் ஆறு வாரம் ஓய்வெடுக்க வேண்டியதாகிவிடும்.

இது யாருக்கு நேரும் என்று பாரிஸ் நகர டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். டாக்டர் டுபுய்சோன் குழுவினர் 2001ல் வெளியிட்ட ஆய்வில் 426 பெண்கள். அவர்களில் 100க்கு 11 பேர் வீதம் பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது. காரணங்கள் நான்கு: கட்டி 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது, சுவருக்குள் புதைந்திருப்பது, கர்ப்பப்பையின் முன்பக்கம் இருப்பது, ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சுருக்கும் ஊசி போட்டிருப்பது.

கடைசிக் காரணம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கட்டியைச் சுருக்க ஊசி போட்டால் ஆபரேஷன் சுலபமாகத்தானே வேண்டும்? அந்த ஊசியால் உதிரப்போக்கு நிற்கும், ரத்தம் ஊறும், அது உண்மை. ஆனால் கட்டி இளகி, அதற்கும் சுவருக்கும் இடையே உள்ள எல்லை மங்கிப்போகிறது. பழுக்காத பலாச்சுளையைப் பிரிப்பது போல எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் டாக்டர் திண்டாட வேண்டியிருக்கும். ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பதை ஆபரேஷன் செய்யப் போகும் டாக்டரே முடிவு செய்வது நல்லது.

முன்பு வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு உள்ளே குடல் ஒட்டியிருக்கலாம். கட்டிகளின் எண்ணிக்கை அதிகம் இருக்கலாம். இவையும் துளை ஆபரேஷனைச் சிக்கலாக்கும்.

ரத்தக் குழாயை அடைத்தால்?

ஆபரேஷனே இல்லாத ஒரு வழியும் உண்டு. தொடையில் அல்லது மணிக்கட்டில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய டியூபைச் செலுத்தி, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைப் பொடித் துகள்களால் அடைப்பது. தண்ணீர் பாயாத பயிர் போலக் கட்டி வாடிச் சுருங்கும். பாரிஸ் டாக்டர் ரவினா 1995ல் இதை உலகுக்கு அறிவித்தார்.

இதன் பலனை நெதர்லாந்தில் 10 வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இந்தச் சிகிச்சை பெற்ற பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கர்ப்பப்பையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்குப் பிற்பாடு எடுக்க வேண்டி வந்தது. இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2020ல் வெளியானது. இரண்டு வருட முடிவில், கட்டியை மட்டும் ஆபரேஷனில் எடுத்துக்கொண்டவர்களே கூடுதல் சௌகரியமாக இருந்தார்கள் என்று அது கூறியது. இனிமேல் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு அடைப்புச் சிகிச்சையை டாக்டர்கள் பொதுவாக முதலில் சொல்வதில்லை.

கணக்கில் வராத மூன்று

எந்த மார்க்கும் சொல்லாத விஷயங்கள் மூன்று உண்டு.

ஒன்று, டாக்டரின் கைப்பழக்கம். நூற்றுக்கணக்கில் செய்தவருக்கும் புதியவருக்கும் ஒரே மார்க் ஒரே பலனைத் தராது. "நீங்கள் இதுபோல எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை.

இரண்டு, உடம்பில் உள்ள ரத்தம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் ரத்த சோகை. 7, 8 என்று இருக்கும்போது அவசரப்பட்டு மேஜையில் ஏறுவதைவிட, இரும்புச் சத்து மாத்திரையோ ஊசியோ எடுத்து ரத்தத்தை ஏற்றிக்கொண்டு போவது நல்லது. சில வாரக் காத்திருப்பு ஆபத்தைக் குறைக்கும்.

மூன்று, வேடம் போடும் புற்றுநோய். துளை வழியாகப் பெரிய கட்டியை வெளியே எடுக்க, மின்சாரக் கருவியால் உள்ளேயே அரைத்து எடுக்கும் பழக்கம் வந்தது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014ல் இதைப் பற்றி எச்சரித்தது. நார்க்கட்டி என்று நம்பி ஆபரேஷன் செய்துகொள்ளும் 350 பெண்களில் ஒருவருக்கு அது புற்றாக இருக்கலாம், அரைத்தால் அது வயிறு முழுவதும் பரவும் என்பது அதன் கணக்கு. அதன் பிறகு கட்டியைப் பைக்குள் போட்டு, அந்தப் பைக்குள் வைத்தே துண்டாக்கும் முறை பரவியது. மாதவிலக்கு நின்ற பிறகும் வளரும் கட்டியை எந்த டாக்டரும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்.

எடுத்துப் போட்டால் தீர்ந்ததா?

"கர்ப்பப்பையோடு எடுத்துவிட்டால் கட்டி திரும்ப வராதே" என்பார்கள். அது உண்மை. கட்டியை மட்டும் எடுத்தால் புதிதாக வேறு கட்டி முளைக்கலாம் என்பதும் உண்மை. பிள்ளைப் பேறு முடிந்து, 45 வயதைத் தாண்டி, பெரிய பெரிய கட்டிகளோடு அவதிப்படுபவருக்குக் கர்ப்பப்பையை எடுப்பதே நல்ல தீர்வாக இருக்கலாம். அதையும் துளை வழியாகச் செய்யலாம். 1988லேயே அமெரிக்க டாக்டர் ஹாரி ரீச் செய்து காட்டினார்.

ஆனால் 30, 35 வயதுப் பெண்ணுக்கு, வேறு வழி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் எடுப்பது அநியாயம். 2019ல் மராட்டிய மாநிலம் பீட் மாவட்டத்துச் செய்தி நாட்டையே உலுக்கியது. கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள், வேலை நாள் கெடக்கூடாது என்பதற்காகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன்களைப் பற்றி டாக்டர் நரேந்திர குப்தா தொடர்ந்த வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டு விதிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது.

இந்த விஷயத்தில் லண்டன் டாக்டர் விக்டர் பானியின் வாழ்க்கை ஒரு பாடம். நார்க்கட்டிக்காக அவருடைய மனைவியின் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வந்தது. தம்பதிக்குப் பிள்ளை இல்லை. இன்னொரு பெண்ணுக்கு இந்தக் கதி வரக்கூடாது என்று, கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைக் காப்பாற்றும் முறையை வளர்ப்பதில் அவர் வாழ்நாளைச் செலவிட்டார். ஒரு பெண்ணின் கர்ப்பப்பையிலிருந்து மட்டும் 225 கட்டிகளை அவர் எடுத்திருக்கிறார்! அது வயிற்றைத் திறந்து செய்யும் காலம். அவர் 1953ல் மறைந்தார். திறந்து செய்யும் ஆபரேஷன் பழசாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரிய, பல கட்டிகளுக்கு இன்றும் அதுவே பத்திரமான வழியாக இருக்கலாம்.

மைசூரில் எங்கே, எப்படி?

மைசூர் பெண் வைத்தியத்துக்குப் பழைய ஊர். மிஷன் ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் சொல்லும் ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரி 1906லேயே பெண்களுக்காகத் தொடங்கப்பட்டது. 1924ல் பெங்களூரில் ஆரம்பித்த மைசூர் மருத்துவக் கல்லூரி 1930ல் இங்கே வந்தது. அதைச் சேர்ந்த செலுவாம்பா ஆஸ்பத்திரிதான் ஏழைப் பெண்களுக்குப் பெரிய துணை. ஜே.எஸ்.எஸ். போன்ற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளும் உண்டு.

வேலை செய்யும் இடத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அதை மறக்கக் கூடாது. மாதச் சம்பள வரம்பு 2017ல் 21 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தொழிலாளிக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் சிகிச்சை உண்டு. பெண்ணே தொழிலாளி என்றால், விதிப்படி நாள் கணக்கு சரியாக இருந்தால், ஓய்வு நாட்களுக்குச் சம்பளத்தில் 100க்கு 70 வீதம் வருடத்தில் 91 நாள் வரை நோய்க்கால உதவித் தொகை கிடைக்கும். டாக்டர் சர்டிபிகேட் அவசியம்.

2018ல் வந்த ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் பி.பி.எல். கார்டு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. முதலில் அரசு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். பல சிகிச்சைகளுக்கு அங்கே எழுதிக் கொடுத்தால்தான் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். இதற்குக் கர்நாடக ரேஷன் கார்டு தேவை. பல வருடமாக மைசூரில் இருந்துகொண்டு கார்டை மட்டும் ஊரில் வைத்திருப்பவர்கள், நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே யோசிப்பது நல்லது. ஊரில் தமிழக அரசின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அங்கே போய்ச் செய்துகொள்ள நினைத்தால், ஆபரேஷனுக்குப் பிறகு சரிபார்க்க மறுபடி யார் அழைத்துப் போவது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்ததும் பயத்தில் வாய் அடைத்துப்போகும். ஆகவே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போகலாம்.

1. கட்டிகள் எத்தனை? எத்தனை சென்டிமீட்டர்? 0 முதல் 8 வரை எந்த ரகம்?

2. உள்ளறைக் கட்டி என்றால், 9க்கு எத்தனை மார்க்?

3. என் தொந்தரவுக்கு இந்தக் கட்டிதான் காரணமா? மாத்திரையிலோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் மருந்துச் சாதனத்திலோ சமாளிக்க முடியுமா?

4. ஒரே தடவையில் முழுவதும் எடுக்க முடியுமா? பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டி வருமா?

5. என் ஹீமோகுளோபின் எவ்வளவு? ரத்தம் ஏற்றிக்கொண்டு வரலாமா?

6. இன்னும் பிள்ளை வேண்டும் என்றால் எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்? பிரசவம் சிசேரியனாகத்தான் இருக்குமா?

7. கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், ஏன்? வேறு வழி எதுவும் இல்லையா?

கன்னடத்தில் பேசத் தயங்குபவர்கள், தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவது நல்லது. கணவர் கூட வந்தால் இன்னும் நல்லது. ஒரு டாக்டர் "உடனே எடுக்க வேண்டும்" என்றால் இன்னொரு டாக்டரிடமும் காட்டலாம். நார்க்கட்டி நெருப்புப் பிடித்த வீடல்ல. உதிரம் கொட்டிக்கொண்டிருந்தால் தவிர, யோசிக்கப் பெரும்பாலும் நேரம் இருக்கும்.

அடுத்த முறை "கட்டெ இதெ" என்று டாக்டர் சொன்னால், "எல்லி இதெ?" என்று கேட்க வேண்டும். "எங்கே இருக்கிறது?" என்ற அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் சரியான வைத்தியம் தொடங்குகிறது.